லேமனை விட்டுவிட்டீர்களே
ஆய்வுக்காகப் பூமியில் ஆழமாகத் தோண்டப்பட்ட ரஷ்யாவின் கோலா துளையைப் பற்றிய உங்கள் கட்டுரையை அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 12 கிலோமீட்டர் தோண்டியும் அது பூமியின் மேலோட்டைக்கூடத் தாண்டவில்லை. அப்புறம் 5,150 கிலோமீட்டர் ஆழத்தில் உட்கரு, அதாவது பூமியின் நடுவிலுள்ள திட உருண்டை, இருப்பது எப்படித் தெரிந்தது? டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமனைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. 1929இல் நியூசிலாந்தில் நிலம் நடுங்கியபோது, நிலநடுக்க அலைகள் வந்து சேரவே கூடாத 'நிழல் பகுதி'யில் இருந்த கருவிகளிலும் மெல்லிய அதிர்வு பதிவானது. பூமியின் கரு முழுக்கத் திரவம் என்று நம்பிய காலம் அது. உள்ளே இன்னொரு உருண்டை இருந்துதான் அலைகளைத் திருப்பிவிட்டிருக்க வேண்டும் என்று 1936இல் அவர் எழுதினார். அது திடமானது என்பது பிறகு உறுதியானது. கணினி இல்லாத காலம்! அலைகள் வந்த நேரங்களை அட்டைகளில் எழுதி, ஓட்ஸ் பெட்டிகளில் அடுக்கிவைத்துக் கணக்குப் போட்டாராம். எனக்கு அந்தப் பெட்டிகள்தான் கண்ணிலேயே நிற்கின்றன.