காசநோய்ப் பரிசோதனை ஊசி மாட்டுக்கு நோயைக் கொடுக்குமா?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: “மாட்டின் கழுத்தில் போடும் ஊசியில் காசநோய்க் கிருமி இருக்கிறது, மூன்றாம் நாள் வீங்குவதே சாட்சி. அந்தப் பாலைக் குடிக்காதீர்கள்.”

பொய். ஊசியில் இருப்பது டியூபர்குலின். கிருமியை வளர்த்து, கொன்று, பிரித்தெடுத்த புரதம். உயிருள்ள கிருமி அதில் கிடையாது. 1890இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் இதைக் காசநோய்க்கு மருந்தென்றே அறிவித்தார். மருந்தாகத் தோற்றது, நோயறியும் சோதனையாக நிலைத்துவிட்டது.

கழுத்தில் சிறிது மயிரை மழித்து, தோலை மடித்துப் பிடித்து, காலிப்பரால் தடிமனை அளந்து குறித்துக்கொண்டு, தோலுக்குள் 0.1 மில்லி செலுத்துவார்கள். 72 மணி நேரம் கழித்து அதே இடத்தை மீண்டும் அளப்பார்கள். 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால், மாட்டின் உடல் அந்தப் புரதத்தை முன்பே அறிந்திருக்கிறது, அதாவது கிருமி ஏற்கெனவே தொற்றியிருக்கலாம் என்று பொருள். மூன்றே நாளில் புதிதாக நோய் வந்து வீங்குவதற்கு இது குளவிக்கடி அல்ல. மாட்டுக் காசநோய் மாதக்கணக்கில் மெல்ல வளர்வது.

சோதனை பிழையற்றது என்று நான் சொல்லவில்லை. மண்ணிலும் பறவைகளிடமும் உள்ள உறவுக் கிருமிகளாலும் தோல் தடிக்கலாம். அதனால்தான் ஐயமிருந்தால் பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலினையும் பக்கத்தில் செலுத்தி ஒப்பிடுகிறார்கள். அண்மையில் கன்று ஈன்ற பசுவில் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம்.

பாலுக்கு இந்த ஊசியால் கேடில்லை. நோயுள்ள பசுவின் காய்ச்சாத பால்தான் ஆபத்து. நன்றாகப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும்.