பசங்களுக்கு வேல்யூஸ் இல்லைன்னு சொல்றவங்களுக்கு

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேல்யூஸே இல்ல" - எங்க ஸ்டாஃப் ரூம்ல வாரத்துக்கு ரெண்டு தடவையாச்சும் காதுல விழும். 11 வருஷமா இன்ஜினியரிங் காலேஜ்ல பாடம் எடுக்குறேன், எனக்கு இதுல கொஞ்சம்கூட உடன்பாடு இல்ல.

போன செமஸ்டர் என் மென்டார் குரூப்ல ஒரு பையன், மூணாவது வருஷம், ஃபர்ஸ்ட் கிராஜுவேட், 4 அரியர். வீட்ல ஆல் கிளியர்னு சொல்லி வெச்சிருக்கான். தீபாவளிக்கு மொத்த ஹாஸ்டலும் காலி, இவன் மட்டும் ஊருக்குப் போகல, ஏன்டானு கேட்டா "அம்மா மூஞ்சியப் பாத்து இன்னொரு தடவ பொய் சொல்ல முடியாது சார்"ங்குறான். படிப்புல அக்கறையே இல்லாத பையன்னு அதுவரைக்கும் நானும்தான் நெனச்சிட்டு இருந்தேன், இப்பவும் அது உறுத்துது. அவனைத் தூங்க விடாம பண்ணது அரியர் இல்லைங்க, அந்தப் பொய். பொய் சொல்லக்கூடாதுன்னு வளந்தவன், அம்மா மனசு உடையக்கூடாதுன்னு பொய் சொல்றான், ரெண்டுமே அவனுக்கு உசுரு, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு மூச்சு முட்டிப் போயிருக்கான். வேல்யூஸ் இல்லாதவனுக்கு இந்த அவஸ்தை எதுக்கு வரப்போகுது?

யுனிவர்சல் ஹியூமன் வேல்யூஸ்னு, இன்ஜினியரிங் காலேஜுகளை நெறிப்படுத்துற ஏஐசிடிஇ ஒரு பாடமே கொண்டு வந்துச்சு. நோக்கம் நல்லதுதான், ஆனா நான் பாத்த வரைக்கும் பிபிடி ஓடும், யூனிட் டெஸ்ட் நடக்கும், "உனக்கு எதுடா முக்கியம்"னு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க. அமெரிக்காவுல கொலராடோ யுனிவர்சிட்டி பிசிக்ஸ் கிளாஸ்ல அதைத்தான் கேட்டாங்க. செமஸ்டர் ஆரம்பத்துல ரெண்டே தடவ, 15 நிமிஷம், தனக்கு முக்கியமானது எது, ஏன் முக்கியம்னு எழுதணும், பிசிக்ஸ் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம். பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் இருந்த மார்க் வித்தியாசம் குறைஞ்சுது, 2010ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. வேற இடங்கள்ல செஞ்சப்போ எல்லாத்துலயும் அதே மாதிரி வரல, அதையும் சொல்லிடணும். ஆனா கேக்குறதுக்கு நமக்கு என்ன செலவு?

100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற இடத்துல பயிற்சி பெற்ற கவுன்சிலர் ஒருத்தராச்சும் இருக்கணும்னு 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, ரொம்ப நல்ல விஷயம். ஆனா அந்த ரூமை பிரின்சிபல் ரூமுக்கு எதிர்ல வெச்சா எந்தப் பையன் கதவைத் தட்டுவான்? அங்க பேசுனது எச்ஓடிக்குப் போகாதுன்னு அவன் நம்பணும், அந்த நம்பிக்கை இல்லாம ஆள் மட்டும் போட்டு ஒண்ணும் ஆகாது. ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு தாங்கலைன்னா 14416ன்னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. தயவுசெஞ்சு உங்க கிளாஸ் குரூப்ல போடுங்க.

அந்தப் பையன் ரெண்டு நாள் யோசிச்சிட்டு வந்து, என் ரூம்ல இருந்தே வீட்டுக்கு போன் பண்ணான். 4 பேப்பர் போச்சும்மான்னு ஒரே மூச்சுல சொல்லிட்டான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "அதுக்குத்தான் தீபாவளிக்கு வரலையாடா"ன்னாங்க.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்தான். ரெண்டு பேப்பர் கிளியர் பண்ணிட்டான், இன்னும் ரெண்டு இருக்கு.