மினஸ்ட்ரோனே செய்த குற்றம் என்ன?

1855ஆம் வருஷம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். இத்தாலியின் மேற்குக் கரையில் லிவோர்னோ என்ற துறைமுக ஊர். கடலில் குளிக்க ஜனம் கூடும் பருவம். நாட்டில் அங்கங்கே காலரா தலைகாட்டிக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் உள்ளூரப் பயம். ஃபிளாரன்ஸிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, என்ன சூப் இருக்கிறது என்று கேட்கிறார். மினஸ்ட்ரோனே என்கிறார்கள். காய்கறியும் பயறும் அரிசியும் போட்டுக் கொதிக்கவைத்த கெட்டியான சூப். வயிறாரச் சாப்பிட்டு, காலாற நடந்துவிட்டு, அறைக்குப் போய்ப் படுக்கிறார்.

ராத்திரி வயிறு கலக்கத் தொடங்குகிறது. விடிய விடிய படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடை. போகும்போதும் வரும்போதும் அந்த மினஸ்ட்ரோனேயைத் திட்டித் தீர்க்கிறார். வெளுத்ததும் முதல் ரயிலைப் பிடித்து ஃபிளாரன்ஸுக்கு ஓடிவிடுகிறார். உடம்பும் தேறிவிடுகிறது. திங்கட்கிழமை சேதி வருகிறது: லிவோர்னோவில் காலரா. முதலில் பலியானவர், அவருக்கு அறை கொடுத்த அதே வீட்டுக்காரர்.

அந்த வியாபாரியின் பெயர் பெல்லெக்ரினோ அர்தூசி. பட்டு வியாபாரம் செய்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். 1891ல், எழுபது வயதைத் தாண்டியபின், சமையல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பதிப்பாளர் யாரும் சீந்தவில்லை. கைக்காசைப் போட்டு 1,000 பிரதி அச்சடித்தார். ஊர் ஊராகப் பெண்கள் கடிதம் எழுதினார்கள். எங்கள் பக்கம் இதை இப்படிச் செய்வோம், உங்கள் குறிப்பில் இது சரியாக வரவில்லை என்று. அவர் சமைத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே போனார். 475 குறிப்புகளோடு தொடங்கியது 790 ஆனது. இன்றைக்கும் இத்தாலிய வீடுகளில் அந்தப் புத்தகத்துக்கு 'அர்தூசி' என்றுதான் பெயர்.

அதில் மினஸ்ட்ரோனே குறிப்பு தொடங்குவதே இந்த லிவோர்னோ ராத்திரியோடுதான். சூப்பின் மேல் எந்தத் தப்பும் இருந்திருக்காது என்று எழுதிவிட்டு, மூன்று தடவை செய்து பார்த்து, ஒவ்வொரு தடவையும் திருத்தி, தனக்குப் பிடித்த பக்குவத்தைக் கொடுக்கிறார். உங்கள் ஊரில் என்ன காய் கிடைக்கிறதோ, உங்கள் நாக்குக்கு எது பிடிக்கிறதோ, அப்படி மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் அனுமதி கொடுக்கிறார்.

இதைப் படித்த அன்றைக்கு என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவுக்கு நெஞ்சு வலித்த ராத்திரி எங்கள் வீட்டில் பூரியும் கிழங்கும். பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டார். முதுகெல்லாம் வியர்வை. "கிழங்குதான், வாயு பிடிச்சிருக்கு" என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஓமத்தை வறுத்துக் கொதிக்கவைத்துக் கொடுத்தோம். பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொடுத்தோம். இரண்டு ஏப்பம் விட்டார். "பாத்தியா, வாயுதான்" என்று சந்தோஷப்பட்டோம். காலையில் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த டாக்டர் எங்களை நிமிர்ந்து பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. மாரடைப்பு வந்து எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. அப்பா பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு மாடிப்படி ஏறவே இல்லை.

கடைசியாக வாயில் போட்டதன் மேல் பழி போடுவது நம் எல்லோருக்கும் கூடப் பிறந்த குணம். அது கண்ணெதிரே தட்டில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சந்தேகிக்க மனசு வராது. அர்தூசி சூப்பைத் திட்டியதற்கு அவரைக் குறை சொல்லவே முடியாது. அவர் ஓடிப்போன அதே ஃபிளாரன்ஸில், அதற்கு முந்தைய வருஷம்தான், ஃபிலிப்போ பச்சீனி என்ற உடற்கூறியலாளர் காலராவில் செத்தவர்களின் குடலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, கிருமியைக் கண்டு, 1854ல் எழுதியே வெளியிட்டிருந்தார். படித்த உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்று அது முடிவு கட்டிவிட்டிருந்தது. ஜெர்மன் டாக்டர் ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் அதே கிருமியைப் பிடித்து உலகத்துக்குக் காட்டியபோது கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஓடியிருந்தது. பச்சீனி 1883லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 1965ல்தான் அந்தக் கிருமியின் அறிவியல் பெயரோடு அவர் பெயரையும் 1854ஐயும் சேர்த்தார்கள்.

சூப்பைத் திட்டினால் சூப்புக்கு வலிக்காது. ஆனால் அந்தக் குணம் சூப்போடு நிற்பதில்லை. 1837ல் சிசிலித் தீவின் சிரகூசாவில் காலரா வந்தபோது, யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பி, கூட்டம் ஆட்களைக் கொன்றே போட்டது. கொன்றவர்கள் அத்தனை பேரும் கொலைகாரர்களாகப் பிறந்தவர்கள் என்று நான் நம்பவில்லை. பயந்துபோனவர்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு ராத்திரி இருந்த அதே பயம்.

அர்தூசியின் கத்தரிக்காய்க் குறிப்பையும் சொல்லவேண்டும். கத்தரிக்காய்க்கு இத்தாலியனில் மெலன்சானா என்று பெயர். அரபியிலிருந்து வந்த சொல்தான், ஆனால் ஜனங்கள் அதை 'மேலா இன்சானா', அதாவது பைத்தியக்கார ஆப்பிள், என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். தின்றால் புத்தி பேதலிக்கும் என்று பயம். நாற்பது வருஷத்துக்கு முன் ஃபிளாரன்ஸ் சந்தையில் கத்தரிக்காயைப் பார்ப்பதே அபூர்வம், யூதர்கள் தின்பது என்று இளப்பமாக ஒதுக்கினார்கள் என்று அர்தூசி எழுதுகிறார். எழுதிவிட்டு, இந்த விஷயத்திலும் இதைவிடப் பெரிய விஷயங்களிலும் கிறிஸ்தவர்களைவிட அவர்களுக்கே நல்லதை மோப்பம் பிடிக்கும் மூக்கு இருந்திருக்கிறது என்கிறார். ஐரோப்பாவில் யூத வெறுப்பு மறுபடி மூண்டுகொண்டிருந்த காலத்தில், சமையல் குறிப்பின் நடுவில் இப்படி எழுதியதற்காக எனக்கு அந்த மனுஷர் மேல் தனி மரியாதை. காயைத் தின்கிறவர்களை வைத்துக் காய்க்கும், காயை வைத்துத் தின்கிறவர்களுக்கும் தீட்டுப் பூசுவது எப்படி நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

தப்பாகப் பழி போடுவதைத் தவிர்க்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் ஆச்சரியப்படுவது அந்த மூன்று தடவைக்கு. உண்மை தெரிந்ததும் 'ஓ அப்படியா' என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இனி அந்தச் சூப் வேண்டாம் என்று இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்த ராத்திரியின் நாற்றமும் நடுக்கமும் அதன் வாசனையோடு ஒட்டிக்கொண்டுதானே இருந்திருக்கும்? அதையும் மீறி அடுப்பில் ஏற்றி, ருசி பார்த்து, போதாது என்று மறுபடி ஏற்றியிருக்கிறார். தெரிந்துகொள்வது ஒன்று, மனசு விடுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டேயிருக்கிறேன். டாக்டர் படம் போட்டு விளக்கியும் அப்பா இருந்த அடுத்த ஒன்பது வருஷமும் வீட்டுக்குள் உருளைக்கிழங்கு வரவில்லை. அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது, இன்னும் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அர்தூசி கொடுத்த அனுமதியை எடுத்துக்கொண்டேன். அவர் சொல்கிற பன்றிக்கொழுப்பு எங்கள் வீட்டில் ஏறாது, நல்லெண்ணெயில் பூண்டு வதக்கினேன். ஆட்டெலும்பு வேகவைத்த தண்ணீர். பச்சை மொச்சை, முட்டைக்கோஸ், கீரை, கேரட், சுரைக்காய், தக்காளி. செலரிக்குப் பதில் கொத்தமல்லித் தண்டு. கடைசியில் அரிசி, கிட்டத்தட்ட தண்ணீர் வற்றும் வரைக்கும். இறக்குமுன் பார்மிசான் சீஸ் ஒரு கை. உருளைக்கிழங்கும் இரண்டு போட்டேன்.

அம்மாவுக்குத் தட்டில் வைத்துக்கொடுத்து, லிவோர்னோ கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். "பாவம் அந்த வீட்டுக்காரன்" என்றாள். மொச்சை நன்றாக வெந்திருக்கிறது என்றாள், இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். "இதுல கிழங்கு போட்டியாடி?" என்று கேட்டாள். போட்டேன் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

தட்டை எடுக்கும்போது பார்த்தேன். ஓரத்தில் வரிசையாக நான்கு துண்டு உருளைக்கிழங்கு. அதில் ஒன்றில் மட்டும் பாதியைக் காணோம்.