பாதிச் சவரம்

நடிகர்கள் அரசியல் பேசலாமா கூடாதா என்பதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. ஓட்டுப் போடுகிற ஆள்தானே, பேசட்டும். ஆனால் அவர்கள் பேசுகிற அன்றைக்குப் பார்த்து நான் சவரத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

போன ஞாயிறு, பெருந்துறையில் வழக்கமான கடை. ஒரு கன்னம் வழித்தாயிற்று, மறு கன்னத்தில் நுரை. டிவியில் ஏதோ ஒரு நடிகர் வாயைத் திறந்தார். கடைக்காரர் கத்தியைக் காற்றில் நிறுத்தி, "ஏனுங்ண்ணா, இவருக்கெதுக்குங்க இந்த வேலை?" என்றார். பெஞ்சில் இருந்த பெரியவர், "1996ல ரஜினி பேசுனப்ப நீதானப்பா பட்டாசு வெடிச்சே?" என்று எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். 2021இல் கோவை தெற்கில் கமல் 1,728 ஓட்டில் தோற்ற கதை வரைக்கும் போய்விட்டது. அந்த எண் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். சொந்த வார்டு கவுன்சிலர் பெயரைக் கேட்டால் முழிப்பார்கள்.

பேசினால் "நடிச்சுட்டுப் போக வேண்டியதுதானே" என்பவரே, பேசாவிட்டால் "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றும் கேட்கிறார். சரி, அது அவர்கள் பாடு.

நுரை காய்ந்து கன்னத்தை இழுத்தது. "அண்ணா, இந்தப் பக்கம்..." என்றேன்.

"இருங்க, இவருக்கு ஒரு பதில் சொல்லிட்டு வந்தர்றனுங்க."