ட்ரூயிட்களின் நீண்ட பகல் விழா போலியா?

வருடத்தின் மிக நீண்ட பகல் வரும் ஜூன் 21 நெருங்கினால் போதும், இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்கு நடுவே ட்ரூயிட்கள் என்ற பழங்கால கெல்ட் பூசாரிகளின் பெயரில், வெள்ளை அங்கி அணிந்தவர்கள் சூரியனை வரவேற்கும் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். கூடவே, "இது நேற்று முளைத்த வேஷம், பழைய ட்ரூயிட்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை" என்ற பேச்சும் கிளம்பும். இதை வேஷம் என்பதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

வரலாறு என்னவோ அப்படித்தான். அந்தப் பெரிய கற்களை நிறுத்தியது கி.மு. 2500 வாக்கில். ட்ரூயிட்களைப் பற்றி விரிவாக எழுதிய ரோமத் தளபதி ஜூலியஸ் சீசர் கி.மு. முதல் நூற்றாண்டுக்காரர். நடுவில் சுமார் 2,400 வருடம் கிடக்கிறது. கற்களையும் ட்ரூயிட்களையும் முடிச்சுப் போட்டவர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் பழம்பொருள் ஆய்வாளர்கள் ஜான் ஆப்ரியும் வில்லியம் ஸ்டுக்லியும். 1792 ஜூன் 21 அன்று லண்டனின் ப்ரிம்ரோஸ் குன்றில் கல்வட்டம் அமைத்துச் சடங்கு நடத்திய வேல்ஸ் கவிஞர் யோலோ மோர்கானுக், பழைய ஏடுகள் என்று காட்டியவற்றில் பலவற்றை அவரே எழுதியிருந்தார்.

சரி, வேறு என்ன வழி இருந்தது? ட்ரூயிட்கள் தங்கள் கல்வியை எழுத்தில் வைப்பது தகாது என்று நினைத்தார்கள், சிலர் 20 வருடம் வரை பாடம் கற்றார்கள் என்கிறார் சீசர். ரோமர்கள் ட்ரூயிட்களை ஒடுக்கியபோது அந்தக் கல்வியும் அவர்களோடு போய்விட்டது. எஞ்சியது எதிரிகள் எழுதிய சில பக்கங்கள். அதை வைத்துக்கொண்டு சூரியனையும் மண்ணையும் வணங்க இன்றைக்கு இருப்பவர்கள் ஒரு முறையைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இன்றைய ட்ரூயிட்களில் பலர் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள். பிறகு இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

சடங்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆல்பன் ஹெவின் என்பது அவர்கள் இந்த நாளுக்கு வைத்திருக்கும் பெயர். எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள். சூரியனைப் போற்றுவதற்கு முன்னால், ஒருவர் ஒவ்வொரு திசையாகத் திரும்பி, அந்தத் திசையில் அமைதி நிலவட்டும் என்று கேட்கிறார். நான்கு திசைக்கும் கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம். எனக்கு இந்த விழாவில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தனக்கு மழையோ செல்வமோ கேட்பதற்கு முன் முன்பின் தெரியாதவர்களுக்கும் சேர்த்து அமைதி கேட்கும் ஒரு வழிபாட்டை வேஷம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இந்த விடியலுக்காக அவர்கள் பட்டபாடும் கொஞ்சமல்ல. 1985 ஜூன் 1 அன்று, ஸ்டோன்ஹெஞ்சில் நடக்கவிருந்த இலவசத் திருவிழாவுக்கு வண்டிகளில் வந்தவர்களைப் போலீஸ் வழிமறித்து அடித்து, 500க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. அதன்பின் வருடக்கணக்கில் நீண்ட பகல் நாளில் கற்களை நெருங்கவே தடை. அந்தத் திருவிழாவோடு தொடர்பே இல்லாத ட்ரூயிட்களும் வேலிக்கு வெளியேதான் நின்றார்கள். போராட்டம், வழக்கு எல்லாம் தாண்டி 2000ஆம் ஆண்டில்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2010இல் ட்ரூயிட் நெட்வொர்க் என்ற அமைப்பை இங்கிலாந்தின் அறக்கட்டளை ஆணையம் மத அமைப்பாக ஏற்றுப் பதிவு செய்தது. வேஷம் போடுகிறவர்கள் இத்தனை வருடம் வேலி ஓரத்தில் காத்துக் கிடப்பார்களா?

எனக்கு வருத்தம் தருவது வேறு. இப்போது அந்த இரவில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். கற்களின் மேல் ஏறாதீர்கள், மது கொண்டு வராதீர்கள் என்று நிர்வாகம் ஒவ்வொரு வருடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. வடகிழக்கில், வட்டத்துக்கு வெளியே தனியாக நிற்கும் ஹீல் ஸ்டோன் என்ற கல்லின் பக்கமாக, ஐந்து மணிக்குச் சற்று முன் சூரியன் எழும்போது கண்ணால் பார்ப்பவர்களைவிட ஃபோனை உயர்த்திப் பிடிப்பவர்கள் அதிகம். ட்ரூயிட் விழாவைத்தான் பார்க்க வேண்டும் என்றால், அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு, உங்கள் ஊர்ப் பக்கத்தில் பூங்காவிலோ ஓக் மரத்தடியிலோ நண்பகலில் கூடும் சிறு குழு எதையாவது தேடிப் போங்கள். வெளியாட்களை வரவேற்கும் குழுக்கள் உண்டு. போகும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் போதும்.