கம்பி யார் மடியில் நிற்கிறது?

வேளாங்கண்ணியில் கொடி ஏறுவது ஆகஸ்ட் 29. அதற்கு முன்னாலும் பின்னாலும் டெல்டா ஊர்களில் ராட்டினங்கள் லாரியில் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும். நாகூர் கந்தூரி, மாயவரம் கடைமுகம், தஞ்சாவூர் பொருட்காட்சி என்று ஒன்று போனால் ஒன்று. ராட்டினமே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. திருவிழாவுக்குப் போய்விட்டு ராட்டினம் ஏறாமல் வரும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். ஆனால் உட்கார்ந்ததும் மடிக்கு மேல் வந்து விழுகிறதே ஒரு கம்பி, அதைப் பற்றி நாம் யாருமே பேசுவதில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

கொலம்பஸ் கப்பலை எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் மூன்று பேரோ நான்கு பேரோ, எல்லாருக்கும் சேர்த்து ஒரே கம்பி. அந்தக் கம்பி இறங்கி வந்து எங்கே நிற்கும்? வரிசையில் யாருக்குத் தொந்தி பெரிதோ அவர் வயிற்றில் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயசுப் பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவில் இன்னொரு பிள்ளையே உட்காரலாம், அவ்வளவு இடம். ராட்டினக்காரர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "லாக் ஆயிடுச்சு, போலாம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. லாக் ஆனது உண்மைதான், அப்பாவுக்கு மட்டும்.

இதில் கொடுமை, பாசத்தில்தான் இதைச் செய்கிறோம். "புள்ளைய நடுவுல உட்கார வை, ஓரத்துல வேணாம்" என்று கீழே நின்று கத்தாத பாட்டி உண்டா? திண்ணையில் அது சரி. ஒரே கம்பி போட்ட இருக்கையில், இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் உட்காரும் பிள்ளையைக் கம்பி தொடவே தொடாது.

கப்பல் கீழே வரும்போது உடம்பு கனக்கும், இருக்கையோடு அழுந்தும். அப்போது கம்பிக்கு வேலையே இல்லை. மேலே போய் ஒரு கணம் நின்று திரும்புகிறதே, அங்கேதான் உடம்பு லேசாகி இருக்கையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். கப்பலின் இரண்டு முனைகளும்தான் அதிக உயரம் போகும் என்பதால் அந்த லேசாகும் உணர்வும் அங்கேதான் அதிகம். பசங்க அடித்துப்பிடித்து ஓடுவதும் அந்தக் கடைசி வரிசைக்குத்தான். கையால் பிடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் பிள்ளையின் விரல்களை நம்பி ஒரு இயந்திரத்தை ஓட்டக் கூடாது.

நான் லேத் பட்டறைக்காரன். கதிரறுக்கும் மெஷின், டிராக்டர் என்று தேய்ந்த பின்களையும் நீள்வட்டமாகிப்போன துளைகளையும் பார்த்தே காலம் ஓடுகிறது. அதனால் என் கண் முதலில் பூட்டுக்குத்தான் போகும். ராட்டினப் பூட்டில் பல ரகம். ஒன்று, வெறும் கொக்கியும் பின்னும். இன்னொன்று, பல்சக்கரம் வைத்தது. 'டிக் டிக்' என்று ஒவ்வொரு பல்லாக இறங்கும். அதில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் உங்கள் தொடை இருந்தால், மேல் பல்லிலேயே நின்றுவிடும். இடைவெளி உங்கள் பங்கு. மூன்றாவது ஹைட்ராலிக். அதற்குப் பல் கிடையாது, தொடை எங்கே இருக்கிறதோ அங்கேயே பிடிக்கும். பெரிய பூங்காக்களில் பூட்டுகளை எப்படி அமைக்கிறார்கள் என்றால், திறக்கத்தான் மின்சாரம் வேண்டும், மூடியே இருப்பதற்கு மின்சாரம் தேவையில்லை. கரண்ட் போனாலும் பிடி விடாது. ராட்டினங்களுக்கான அமெரிக்கத் தர விதி ஏஎஸ்டிஎம் எப்2291, பிடிமானங்களை 5 வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பில் பிடிமானமே தேவையில்லை. ஐந்தாவதில், ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிடிமானம், ஒரு பூட்டு போனாலும் தாங்க இன்னொரு பூட்டு. உடம்பு எவ்வளவு தூக்கி எறியப்படும் என்பதைப் பார்த்துத்தான் எந்த வகுப்பு என்று முடிவு செய்கிறார்கள்.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், 430 அடி உயரக் கோபுரத்திலிருந்து விழும் ராட்டினத்தில் 14 வயசுப் பையன் ஒருவன் தூக்கி எறியப்பட்டு இறந்தான். தோள் கம்பி மூடித்தான் இருந்தது. எல்லா இருக்கையும் பூட்டியாயிற்று என்று இயந்திரம் நம்பியதால்தான் ஓடவே ஆரம்பித்தது. விசாரணையில் தெரிந்தது என்ன? அந்த இருக்கையின் சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள். கம்பிக்கும் இருக்கைக்கும் நடுவே சுமார் 3 அங்குலம் இருக்க வேண்டிய இடைவெளி 7 அங்குலம் வரை போகலாம் என்றாகியிருந்தது. அந்தப் பையன் பெரிய உடம்புக்காரன். பெரிய உடம்புக்காரர்களையும் எப்படியாவது உட்கார வைத்துவிடலாம் என்று இடம் கொடுத்தது, அந்த இடமே அவன் நழுவி விழ வழியாகிவிட்டது. பெல்ட்டும் கிடையாது. அப்புறம் அந்தக் கோபுரத்தையே பிரித்துவிட்டார்கள்.

2013 ஜூலையில் டெக்சஸில் ஒரு ரோலர் கோஸ்டரிலிருந்து ஒரு பெண்மணி விழுந்து இறந்தார். சுமார் இரண்டு மாதம் கழித்து அதைத் திறந்தபோது ஒவ்வொரு இருக்கைக்கும் பெல்ட் போட்டார்கள். கூடவே நுழைவாயிலில் ஒரு சோதனை இருக்கையும் வைத்தார்கள். வரிசையில் நிற்கும் முன்பே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இந்தச் சோதனை இருக்கைதான் ரொம்பப் பிடித்த விஷயம். பருமனான ஒருவரை, அதிலும் பெண்களை, ஒரு மணி நேரம் கியூவில் நிற்க வைத்து, ஏற்றி, கம்பி பொருந்தவில்லை என்று எல்லார் எதிரிலும் இறக்கி விட்டால் எப்படி இருக்கும்? அந்த அவமானத்துக்குப் பயந்துதான் மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டு, 'எனக்குச் சரியா இருக்கு' என்று ஒப்பேற்றுகிறார்கள். மூச்சு விட்டதும் கம்பி தொடையில் இல்லை, வயிற்றின் மேல் இருக்கிறது. அது இருக்க வேண்டிய இடம் இடுப்பு மடிப்பை ஒட்டித் தொடை மேல்.

வசதி என்றாலே ஏசி பஸ் மாதிரி ஏதோ சொகுசு என்று நினைக்கிறோம். ராட்டினத்தில் வசதிதான் பாதிப் பாதுகாப்பு. கம்பி குத்தினால் மனுஷன் நெளிவான், கொஞ்சம் தூக்கி விடச் சொல்வான், ஆபரேட்டரும் பாவம் பார்த்துத் தூக்கி விடுவார். இரண்டு காதிலும் மோதும் அந்தப் பழைய கெட்டித் தோள் கம்பிகளைப் பிடிக்காமல் எத்தனை பேர் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு கழுத்து வலியோடு இறங்குகிறார்கள்! அதனால்தான் இப்போது பல கம்பெனிகள் மெத்தென்ற பட்டைகளும் மடிக்கம்பியுமாக மாறிக்கொண்டிருக்கின்றன. நம் ஊரில் இன்னொரு சங்கதி, சேலை. கொசுவம் மொத்தமாகத் திரண்டு கம்பிக்கும் தொடைக்கும் நடுவில் நின்றால் பூட்டு ஒரு பல் மேலேயே நின்றுவிடும். முந்தானையையும் துப்பட்டாவையும் செருகச் சொல்கிற ஆபரேட்டரைப் பார்த்திருக்கிறேன், கொசுவத்தை ஒதுக்கி உட்காரச் சொன்னவரை இன்னும் பார்க்கவில்லை.

2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லாவில் 'தஞ்சோரா' என்று ஒரு தொங்கும் ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மாபில்லார்ட் செய்தது. நம்ம ஊர் பெயராச்சே என்று இங்கிருந்து வேன் பிடித்துப் போகிறார்கள், போகட்டும். அங்கே உயரம் அளந்து, கம்பியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதே குடும்பம் ஊர்த் திருவிழாவில், "புள்ளை உயரம் பத்தாதுங்க" என்று ராட்டினக்காரர் சொன்னால் சண்டைக்குப் போகிறது. போன தடவை என் கண்ணெதிரே நடந்தது. ஒரு அப்பா, "காசு குடுத்திருக்கேன்ல?" என்றார். கடைசியில் ராட்டினக்காரர்தான் இறங்கி வந்தார்: "சரி, கெட்டியாப் புடிச்சுக்கோ தம்பி."

ஏழை ராட்டினக்காரரிடம் போய் ஹைட்ராலிக் பேசுகிறாயே என்று கேட்பீர்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்திருக்கிறது. முட்டுக்கட்டை இன்றும் போடுகிறோம், பிரேக்கும் இருக்கிறது. சாமிக்குக் குறைந்துபோனதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் ராட்டினத்துக்கு அவ்வளவு கூடக் கேட்கவில்லை. ஒரே கம்பியை இரண்டாக வெட்டித் தனித்தனிக் கீல் போடுவதும், ஆளுக்கொரு பெல்ட் மாட்டுவதும் பெரிய வித்தை இல்லை. எந்த இடத்தில் வெட்டலாம், சட்டம் தாங்குமா என்பதை மட்டும் படித்த இன்ஜினியர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்களை மாதிரி பட்டறைக்காரன் கண்ணளவில் வெல்டிங் வைத்துவிடக் கூடாது, அது இன்னும் மோசம். போலீஸ், தீயணைப்பு, பொதுப்பணித் துறை என்று கையெழுத்து வாங்கித்தான் ராட்டினம் சுற்றுகிறது. அந்தச் சோதனையில் தூணையும் ஒயரையும் பார்க்கும்போது, ஒரு பெரியவரையும் ஒரு சின்னப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கம்பியையும் இறக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஐந்து நிமிஷ வேலை.

அதுவரைக்கும், ஏறுகிறவர்கள் வரிசையை உடம்பு வாகுக்கு ஏற்ற மாதிரி பிரித்து உட்காருங்கள். ஒரே அளவு பிள்ளைகள் ஒரு வரிசை, பெரியவர்கள் அடுத்த வரிசை. கம்பி இறங்கியதும் பிள்ளையின் தொடைக்கும் அதற்கும் நடுவில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால், டிக்கெட் காசு போனால் போகிறது, இறக்கிவிட்டுக் குடை ராட்டினத்துக்குக் கூட்டிப் போங்கள். அழும். பஜ்ஜி வாங்கிக் கொடுத்தால் நிறுத்திவிடும்.