பண்ணைக்கு எழுத வருபவருக்கு முதலில் சோறு போடுங்கள்

கொஞ்ச காலமாக ஒரு மாதிரியான அறிவிப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. இயற்கை விவசாயப் பண்ணை, தென்னந்தோப்புக்கு நடுவே ஓட்டு வீடு, எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் ரெசிடென்சி (அதாவது கொஞ்ச நாள் தங்கித் தங்கள் படைப்பு வேலையைப் பார்க்கும் ஏற்பாடு), ஒரு வாரத்துக்கு இவ்வளவு ரூபாய், சாப்பாடு தனி. காலையில் களை எடுக்கலாம், மாட்டுக்குத் தீவனம் வைக்கலாம், சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்த வேண்டும், கிளம்பும்போது பண்ணைக்கு ஒரு படைப்பைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இது சுற்றுலா. தாராளமாக நடத்துங்கள், நாலு பேருக்குப் பிழைப்பு கிடைக்கும். ஆனால் காசும் வாங்கி, வேலையும் வாங்கி, படத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு கலைஞர்களை ஆதரிக்கிறோம் என்று சொல்லாதீர்கள்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு மேரியன் மெக்டவல் நினைவு வந்துவிடும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பீட்டர்பரோ என்று ஒரு சின்ன ஊர். இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் அவர் மனைவி மேரியனும் 1896இல் அங்கே ஒரு பண்ணையை வாங்கினார்கள். வீட்டைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, மரங்களுக்குள்ளே, கணவர் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு மரக்குடில் கட்டிக் கொடுத்தார் மேரியன். இப்படி ஒரு இடம் மற்ற கலைஞர்களுக்கும் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. 1907இல் முதலில் வந்து தங்கியவர்கள் இரண்டு சகோதரிகள், ஒருவர் சிற்பி, இன்னொருவர் எழுத்தாளர். அடுத்த வருஷமே எட்வர்ட் இறந்துபோனார். மேரியனும் பியானோ கலைஞர்தான், கல்யாணத்துக்குப் பிறகு மேடையை விட்டவர். அவர் மறுபடி பியானோ முன்னால் உட்கார்ந்து, ஊர் ஊராகப் போய்க் கணவரின் இசையை வாசித்து, அந்தப் பணத்தைக் கொண்டுவந்து இந்த இடத்தை நடத்தினார். 1938 சூறாவளி மரங்களையெல்லாம் சாய்த்துப் போட்டபோதும் விடவில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மதியச் சாப்பாட்டை ஒரு கூடையில் வைத்துக் குடிலின் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கதவைத் தட்ட மாட்டார்கள், "என்ன எழுதறீங்க" என்று எட்டிப் பார்க்க மாட்டார்கள். கூப்பிடாமல் யாரும் அடுத்தவர் குடிலுக்குள் போகக் கூடாது. சுவரில் ஒரு மரப்பலகை இருக்கும், தங்கிப் போகிறவர்கள் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான் அவர்கள் விட்டுப் போக வேண்டியது. இன்றைக்கு 30க்கும் மேற்பட்ட குடில்கள் இருக்கின்றன. தங்கக் கட்டணம் கிடையாது, வந்துபோகும் செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு அதற்கும் உதவுகிறார்கள்.

அந்தக் கூடைதான் எனக்கு முக்கியம். காற்று, மரம், குயில் சத்தமெல்லாம் இருந்தால் நல்லதுதான், இல்லாவிட்டாலும் எழுதிவிடலாம். அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பற்றி நினைக்காமல் ஒரு நாள் முழுக்க இருப்பது என்பது நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது, சொல்லுங்கள். காலை டிபன், மதியத்துக்கு டப்பா, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு ஏதாவது, ராத்திரிக்குத் தோசையா சப்பாத்தியா, நடுவில் மாவு அரைக்க வேண்டும், கேஸ் புக் பண்ண வேண்டும். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பத்தரை மணிக்கு உட்கார்ந்தால், மூன்றாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் கிணற்றடியில் என்ன சொல்லிவிட்டு எழுந்து போனாள் என்று திரும்பப் பிடிப்பதற்கே அரை மணி நேரம் ஆகிவிடும், அதற்குள் கண் சொக்கும். கவிதையை இப்படி எழுதிவிடலாம், சிறுகதையைக்கூட எப்படியோ முடித்துவிடலாம். நாவலுக்கு அது போதாது. எழுதும் பெண்களில் பலர் நாவல் பக்கம் வராததற்குத் திறமைக் குறைவு காரணமே இல்லை என்பது என் கட்சி.

நமக்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் பத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும்) துணிகளைச் செய்து விற்ற காசில் சென்னைக்குப் பக்கத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். கொஞ்ச நேரம் கைவினை வேலை, மிச்ச நேரம் சொந்த ஓவியம் என்று தங்கள் நேரத்தைத் தாங்களே சம்பாதித்துக்கொண்டார்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் புரோதிமா பேடி 1990இல் தொடங்கிய நிருத்யகிராம் நடனம் பயில்வதற்கான கிராமம், அங்கே நிலத்தில் பயிரும் செய்தார்கள். பின்னால் சங்கம் ஹவுஸ் என்ற அமைப்பு பல மொழி எழுத்தாளர்களை அங்கே தங்கவைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்ணைக்கு வரும் கலைஞர் என்றாலே சென்னையிலிருந்து பையோடு வந்து இறங்குபவர் என்று ஏன் நினைக்கிறோம்? காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் அதே ஊரிலேயே ஒரு கூத்து வாத்தியார் இருப்பார். சீசன் முடிந்தால் கூலி வேலைக்குப் போகிற கூத்துக் கலைஞர்கள் எத்தனையோ பேர். ஒரு புதுக் கூத்துக்குப் பாட்டுக் கட்ட அவருக்கும் ஒரு மாதம், கூலிக் கவலை இல்லாமல் வேண்டும்தானே. களை எடுத்து மண்ணை அனுபவியுங்கள் என்று அவரிடம் போய்ச் சொல்ல முடியாது, அவருக்கு வேண்டியது அதிலிருந்து ஒரு மாத விடுப்பு. அவருக்குத் தங்க இடம் வேண்டாம், சொந்த வீடு இருக்கிறது. அந்த ஒரு மாதக் கூலியைக் கொடுத்தால் போதும். அப்புறம், சமைத்துப் போடும் அம்மாவுக்கு ஒழுங்கான சம்பளம். ஒருத்தியை அடுப்படியிலிருந்து விடுவிக்க இன்னொருத்தியைக் குறைந்த கூலிக்கு அங்கே உட்கார வைத்தால் என்ன நியாயம்?

பண்ணை வைத்திருக்கும் நண்பர்களே, குடில் கட்ட வேண்டாம். பம்புசெட் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு அறை, நல்ல மேசை, ஃபேன், உள்ளே தாழ்ப்பாள், சுத்தமான கழிப்பறை, மூன்று வேளைச் சாப்பாடு. வருஷத்துக்கு ஒரே ஒருவரைக் கூப்பிட்டாலும் சரி. குழந்தையோடு வருகிறேன் என்று ஒருத்தி கேட்டால் சரி என்று சொல்லுங்கள். திரும்பிப் போகும்போது என்ன எழுதினாய் என்று கணக்குக் கேட்காதீர்கள். யாராவது தொடங்கினால் ஒரு மாதச் சமையல் சம்பளம் என் பொறுப்பு, இன்பாக்ஸில் வாருங்கள்.